பழைய டெஸ்க்டாப்பிலிருந்து வண்டிக் கணினி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் ப்ராசசர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுவலகங்களிலும் டியூஷன் சென்டர்களிலும் ஓரங்கட்டப்படுவதற்கு இதுதான் காரணம். ராசிபுரத்தில் எந்தக் கணினி சர்வீஸ் கடைக்குப் போனாலும் இப்படிக் கழற்றிப் போட்ட மதர்போர்டும் ராமும் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பரணிலேயே ஒன்று இருக்கலாம். அவற்றைக் கொண்டு காரிலோ வேனிலோ வைத்து வேலை செய்யக்கூடிய கணினி ஒன்றைக் கட்டுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: பாகங்களில் மிச்சம் பிடியுங்கள், மின்சாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய ப்ராசசர் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். மலிவான வயரிங் வண்டியையே எரித்துவிடும்.

யாருக்கு இது தேவை?

வழி பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் கைபேசி போதும். அதற்காக மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வண்டியில் கீபோர்டு, பிரிண்டர், பெரிய சேமிப்பிடம் மூன்றில் ஒன்றாவது தேவைப்படுகிறவர்களுக்கே வண்டிக் கணினி பயன்படும்.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட தொழில்கள் நிறைய உண்டு. முகூர்த்த நாளில் மண்டபம் மண்டபமாக ஓடும் போட்டோ ஸ்டுடியோக்காரர் மெமரி கார்டுகளை அங்கங்கேயே இரண்டு பிரதி எடுத்துவைக்கலாம். முட்டையோ நெய்யோ கடைகளுக்கு இறக்கும் வேன்காரர் பில் போட்டு, சிறிய தெர்மல் பிரிண்டரில் அச்சடித்துக் கொடுக்கலாம். கோழிப்பண்ணைகளைச் சுற்றிவரும் மேற்பார்வையாளர் தீவனக் கணக்கையும் இறப்புக் கணக்கையும் அன்றன்றே ஏற்றிவிடலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு போகிறவர்களுக்கும் இது உதவும். ஆனால் கணினியை ரிக் லாரியில் வைக்க வேண்டாம், கூடப் போகும் வண்டியில் வையுங்கள். ரிக்கின் அதிர்வையும் கல்தூசியையும் மேசைக் கணினிக்கான பாகங்கள் தாங்காது.

ஒரு வண்டியில் மட்டும் இதைக் கட்டவே கூடாது. நாமக்கல் சமையல் எரிவாயு டேங்கர்களுக்குப் பேர்போன ஊர். எரிவாயு, பெட்ரோல், டீசல் ஏற்றும் டேங்கர் எதிலும் கையால் கட்டிய மின்கருவியைப் பொருத்தாதீர்கள். அந்த வண்டிகளின் மின்னமைப்புக்குத் தனி விதிகள் உண்டு. ஒரு சிறு பொறி அங்கே பெரும் விபத்தாகும்.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

*மதர்போர்டு:* சிறியதாக இருந்தால் நல்லது. தைவானின் வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். அந்தக் காலத்திலேயே வெளிநாடுகளில் பலர் அதைக் காரில் வைத்துக் கட்டினார்கள். நம்மிடம் கிடைப்பது பெரும்பாலும் மைக்ரோ-ஏடிஎக்ஸ். அதன் அதிகபட்ச அளவு 24.4 சென்டிமீட்டர் சதுரம். அது டிக்கியில் தாராளமாக அடங்கும். கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ பிசின்போல் கசிந்திருந்தாலோ அந்த போர்டு வேண்டாம்.

*ப்ராசசர்:* குறைந்த மின்சாரம் இழுப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐ3-6100 என்றால் 51 வாட், ஐ3-6100டி என்றால் 35 வாட். கடைசியில் உள்ள 'டி' எழுத்துதான் வேறுபாடு. ஐ5, ஐ7 சும்மா கிடைத்தாலும் இங்கே தேவையில்லை.

*ராம்:* 8 ஜிபி போதும். தங்கநிற முனைகளை அழிரப்பரால் மென்மையாகத் தேய்த்துத் துடைத்த பின் பொருத்துங்கள்.

*ஹார்டு டிஸ்க்:* 3.5 அங்குல டெஸ்க்டாப் டிஸ்க்கை ஒதுக்கிவிடுங்கள். சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், குழிச்சாலையில் அடிபடவும் செய்யும். சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். சுழலும் பாகம் இல்லாததால் குலுக்கல் அதைப் பாதிக்காது.

*கிராஃபிக்ஸ் கார்டு, டிவிடி டிரைவ், பழைய எஸ்எம்பிஎஸ்:* மூன்றும் வேண்டாம். ப்ராசசரிலேயே உள்ள கிராஃபிக்ஸ் போதும். செருகி நிற்கும் கார்டு எதுவும் வண்டி ஓட ஓடத் தளர்ந்துவிடும்.

*கூலர்:* இன்டெலின் வழக்கமான கூலரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகள் அதிர்வில் கழன்றுகொள்ளலாம். போர்டின் பின்பக்கம் தகடு வைத்து ஸ்குரூவில் முடுக்கும் தட்டையான கூலரை மாற்றுங்கள். காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். சிஎம்ஓஎஸ் பேட்டரியையும் (சிஆர்2032) மாற்றிவிடுங்கள்.

பணம் கொடுத்து வாங்க வேண்டியவற்றில் முக்கியமானவை மூன்று: எஸ்எஸ்டி, டிசி பவர் போர்டு, வயரும் ஃபியூஸும். பவர் போர்டு உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ விசாரியுங்கள்.

வண்டியின் மின்சாரத்தைப் புரிந்துகொள்ளுதல்

'கார் பேட்டரி 12 வோல்ட், கணினிக்கும் 12 வோல்ட்தானே, நேராகக் கொடுத்துவிடலாம்' என்று நினைத்துப் போர்டை எரித்தவர்கள் உண்டு. பேட்டரி ஒரு நிலையிலேயே நிற்பதில்லை. முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 13.8 முதல் 14.4 வரை. செல்ஃப் எடுக்கும் நொடியில் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி முனை கழன்றுவிட்டால், ஒரு கணம் பல மடங்கு எகிறும். கணினியின் 12 வோல்ட் லைன் தாங்குவதோ 11.4 முதல் 12.6 வரைதான்.

ஆகவே இடையில் ஒரு கருவி வேண்டும். மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி இன்வெர்ட்டர். 12 வோல்ட்டை 230 ஆக்கி, பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுத்து, அது மறுபடி 12 ஆக்குவது. கையில் இருப்பதை வைத்தே செய்யலாம். ஆனால் இரண்டு முறை மாற்றுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் சூடாகவே போய்விடும். ஓடும் வண்டிக்குள் 230 வோல்ட் இருப்பதும் ஆபத்து. வீட்டு வாசலில் ஒரு நாள் சோதித்துப் பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, 12 வோல்ட் மட்டுமே ஏற்கும் சிறு பிகோ பவர் போர்டு. இவற்றில் பல, உள்ளே வரும் 12 வோல்ட்டை அப்படியே கணினிக்குக் கடத்திவிடும். சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட்டும் அப்படியே போகும். வண்டிக்கு இது சரிப்படாது.

மூன்றாவதுதான் சரியான வழி: வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட, அகன்ற வரம்புள்ள டிசி-டிசி ஏடிஎக்ஸ் பவர் போர்டு. எடுத்துக்காட்டாக எம்4-ஏடிஎக்ஸ் என்ற போர்டு 6 முதல் 30 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்று, கணினிக்கு வேண்டிய வோல்ட்டுகளை நிலையாகத் தரும். செல்ஃப் எடுக்கும்போதும் கணினி அணையாது. சாவியின் நிலையைப் பார்த்துக் கணினியை இயக்கவும் அணைக்கவும் இதற்குத் தெரியும்.

லாரியில் கட்டும்போது

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. டேப்ரெக்கார்டருக்கும் கேபின் ஃபேனுக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவிக்கொள்ளும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. கணினிக்கு அதைச் செய்யாதீர்கள். ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சார்ஜ் இரண்டுக்கும் சேர்ந்தே ஏறுவதால் இறங்கியது நிரம்பாது, மற்றது அளவுக்கு மீறி ஏறி வெந்துவிடும். சில மாதங்களில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும்.

24 வோல்ட் முழுவதையும் எடுத்து, வாகனத்துக்கென்று வரும் 24-க்கு-12 கன்வர்ட்டரில் கொடுத்து, அதன் பிறகு பவர் போர்டுக்குக் கொண்டுபோங்கள். லாரியில் சார்ஜ் ஏறும்போது 28 வோல்ட்டைத் தாண்டும். 30 வோல்ட் வரம்புள்ள போர்டை நேராக இணைத்தால் மிச்சமிருக்கும் இடைவெளி மிகக் குறைவு.

கணக்கும் வயரும்

35 வாட் ப்ராசசர், எஸ்எஸ்டி, ராம், 7 அங்குலத் திரை எல்லாம் சேர்த்து, கடும் வேலையில் 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். மாற்றத்தில் ஆகும் இழப்பைச் சேர்த்தால் சுமார் 6. அதற்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 4 மீட்டர் என்றால், திரும்பிவரும் வழி பாடியாக இருந்தாலும், பாதுகாப்புக்காகப் போக வர 8 மீட்டர் என்றே கணக்கிடுவோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 6 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 0.35 வோல்ட் வழியிலேயே இழப்பாகும். 4 சதுர மில்லிமீட்டரில் அது 0.22 வோல்ட்டாகக் குறையும். 4-ஐயே வாங்குங்கள், அதுவும் மெல்லிய இழைகள் பல சேர்ந்த வாகன வயராக. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக்கம்பி வயர் அதிர்வில் ஒடிந்துவிடும்.

இணைக்கும்போது இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

1. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.
2. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸைப் போடுங்கள். ஃபியூஸ் காப்பது கணினியை அல்ல, வயரை. அது கணினியின் பக்கத்தில் இருந்தால், இடையில் வயர் உரசிப் பாடியில் பட்டதும் தீப்பிடிக்கும்.
3. என்ஜின் அறையிலிருந்து வயர் உள்ளே நுழையும் துளையில் ரப்பர் குரோமட் கட்டாயம். துளையிட்ட தகட்டின் விளிம்பு கத்தியாக வயரை அறுக்கும். வயர் முழுவதற்கும் ஸ்லீவ் போடுங்கள்.
4. எர்த்தைக் கணினிக்கு அருகில் பாடியில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் லக்கு வைத்து முடுக்குங்கள். ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் எர்த்தும் இதே இடத்துக்கு வரட்டும். எர்த் வேறு வேறு இடத்தில் இருந்தால் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும்.
5. நெகட்டிவ் முனையைக் கடைசியாக மாட்டுங்கள்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து நிரந்தரமாக எடுக்க வேண்டாம். பிளக் குலுங்கிக் குலுங்கி விட்டுவிட்டு வரும். புது வண்டியாக இருந்தால் கம்பெனி வயரை வெட்டாதீர்கள். வாரன்டி போகும்.

சாவியோடு எழுந்து சாவியோடு உறங்க

சிறிய கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி அளவிலான பேட்டரி. கணினி சும்மா ஓடினாலே 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். என்ஜின் நின்ற வண்டியில் அதை ஓடவிட்டால் ஏழு, எட்டு மணி நேரத்தில் பேட்டரி பாதியாகிவிடும். காலையில் செல்ஃப் எடுக்கத் திணறும். செல்ஃபுக்கான பேட்டரிகள் இப்படி ஆழமாக இறங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. நாலைந்து முறை அப்படி இறங்கினால் ஆயுளே குறைந்துவிடும்.

பவர் போர்டில் ஒரு மூன்றாவது முனை இருக்கும். அதைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனில் இணைக்க வேண்டும். சாவி போட்ட சில நொடிகளில் போர்டு கணினியின் பவர் பட்டனை அழுத்துவதுபோல் ஒரு துடிப்பு கொடுக்கும். சாவியை எடுத்ததும் இன்னொரு துடிப்பு. கணினி ஒழுங்காக மூடிக்கொள்ள நேரம் கொடுத்து, அதன் பிறகு மின்சாரத்தை முழுவதுமாக வெட்டிவிடும். பேட்டரி சுமார் 11 வோல்ட்டுக்கு இறங்கி அப்படியே நீடித்தாலும் வெட்டிவிடும். இந்த நேர அளவுகளைப் போர்டில் உள்ள ஜம்பர்களால் மாற்றலாம். கணினியைத் தூங்கும் நிலையில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். வண்டி ஒரு வாரம் நின்றால் அந்தச் சொற்ப இழுப்பே பேட்டரியைக் காலி செய்துவிடும்.

பெட்டி, சூடு, குலுக்கல்

பழைய கேபினெட்டை வண்டியில் வைக்க வழியில்லை. அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள். லாரிக்கு பாடி கட்டுவதில் நாமக்கல் வட்டாரப் பட்டறைகளுக்கு நாடெங்கும் பெயர் உண்டு. தகடு வெட்டி மடிக்கும் கைகள் இங்கே எளிதாகக் கிடைக்கும். அளவைக் காகிதத்தில் வரைந்து, போர்டின் நான்கு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் காலி இடம் விட்டுக் கொடுங்கள். போர்டின் அடிப்பக்கம் தகட்டில் படாமல் பித்தளை ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பெட்டிக்கும் வண்டிக்கும் இடையில் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ். நட்டெல்லாம் நைலான் பூட்டு நட்டாக இருக்கட்டும். பெட்டிக்குள் ஒவ்வொரு செருகியையும் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

எங்கே வைப்பது? டிக்கியின் பக்கவாட்டு நல்ல இடம். ஆம்னி வேனிலும் டாடா ஏஸிலும் முன்சீட்டுக்கு அடியில் என்ஜின் இருக்கிறது. அங்கே வைக்க நினைக்காதீர்கள். சிஎன்ஜி, எல்பிஜி சிலிண்டர் உள்ள டிக்கியும் வேண்டாம்.

சேலம்-நாமக்கல் சமவெளியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி ஆகும். சாதாரண ஹார்டு டிஸ்க் ஓடக்கூடிய வெப்ப எல்லை அதோடு முடிகிறது. எஸ்எஸ்டி பெரும்பாலும் 70 வரை தாங்கும். வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டு, சூடு தணிந்த பிறகே சாவியைப் போடுங்கள், சாவியோடு கணினியும் இயங்கிவிடும். பெட்டியில் காற்று உள்ளே வரும் பக்கம் ஒரு ஃபேன், வெளியே போகும் பக்கம் ஒரு துளை வரிசை இருக்க வேண்டும்.

கோழிப்பண்ணைக்குப் போகும் வண்டியில் ஃபேன் வாயில் கழற்றிக் கழுவக்கூடிய ஃபோம் வடிகட்டி வையுங்கள். இறகுத் தூளும் தீவனத் தூளும் ஹீட் சிங்கை அடைத்துவிடும். பண்ணைக் காற்றில் உள்ள அம்மோனியா செம்பு முனைகளை அரிக்கும். கொட்டகையை ஒட்டி நிறுத்தும்போது கணினியை அணைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து புளோயரால் ஊதுங்கள்.

திரையும் மென்பொருளும்

7 அங்குல எச்டிஎம்ஐ தொடுதிரை போதும். ஏர்பேக் விரியும் இடத்தில் அதையோ அதன் தாங்கியையோ பொருத்தாதீர்கள். ஓரத் தூண்களில் ஏர்பேக் உள்ள கார்களில் அந்த வழியாக வயரும் இழுக்க வேண்டாம். பின்சீட்டில் அமர்ந்து மட்டும் வேலை செய்வதானால் திரையை முன்சீட்டின் முதுகில் பொருத்துங்கள். ஓட்டுநரின் கண் அதில் படாது.

இந்த வயதுக் கணினிக்கு லினக்ஸ் சரியான துணை. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலவசம், தமிழில் தட்டச்சு செய்யலாம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் தமிழை ஆதரிக்கிறது. நிறுவியதும் முதல் வேலையாக, பவர் பட்டனை அழுத்தினால் கேள்வி கேட்காமல் மூடிக்கொள்ளும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் 'அணைக்கவா?' என்ற கேள்வியோடு கணினி காத்திருக்கும்போதே பவர் போர்டு மின்சாரத்தை வெட்டிவிடும்.

யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றைச் செருகி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கிவைத்தால், சிக்னல் இல்லாத கொல்லிமலை வளைவிலும் வழி தெரியும். 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான, பிஎஸ்-4 தரத்துக் கார் என்றால் ஸ்டீயரிங்கின் கீழ் 16 முனை ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் இஎல்எம்327 அடாப்டரைப் போட்டு என்ஜின் வெப்பம், பேட்டரி வோல்ட், பிழைக் குறியீடு எல்லாம் படிக்கலாம். வண்டியை நிறுத்தும்போது அதைக் கழற்றிவிடுங்கள். பிழைக் குறியீட்டைப் படித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், நீங்களாக அழித்துவிடாதீர்கள். கனரக லாரிகள் வேறு முறையில் பேசுகின்றன, இந்த அடாப்டர் அங்கே பயன்படாது.

சோதிக்கும் வரிசை

1. மேசைமேல், தனி 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். ப்ராசசர் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.
2. வண்டியில் பொருத்தி, என்ஜினை இயக்காமல், பவர் போர்டின் வாயில் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.
3. கணினி ஓடும்போதே செல்ஃப் எடுங்கள். அது மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் வயரையும் எர்த்தையும் பாருங்கள்.
4. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு வயர், ஃபியூஸ் பிடி, லக்கு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அங்கே பிழை.
5. கடைசியாகக் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறி இறங்குங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டி நகராமல், செருகி கழலாமல் வந்தால் வேலை முடிந்தது.
6. ஓர் இரவு நிறுத்தி, காலையில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.4-க்குக் கீழே இருந்தால் ஏதோ ஒன்று இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறது.

சட்டமும் மிச்சமும்

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தார்கள். அதே அக்கறை கணினித் திரைக்கும் பொருந்தும். வண்டி நகரும்போது கீபோர்டில் யாரும் கை வைக்கக்கூடாது, ஓட்டுநருக்குப் படம் தெரியக்கூடாது. பெட்டிக்காகச் சீட்டையோ பாடியின் தாங்குபகுதியையோ வெட்டாதீர்கள். பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமான ஏஐஎஸ்-140 இடங்காட்டும் கருவிக்கு உங்கள் ஜிபிஎஸ் மாற்றாகாது.

கழித்த டிஸ்க்கையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ப்ராசசர், ராம், போர்டு எல்லாம் இலவசமாகக் கிடைத்த மகிழ்ச்சியில் அவசரப்படாதீர்கள். நல்ல பவர் போர்டுக்கும் சரியான வயருக்கும் இன்று பணம் இல்லையென்றால், அது சேரும்வரை பாகங்கள் அலமாரியில் இருக்கட்டும். இரண்டு மாதம் தள்ளிப் போவதால் எதுவும் கெட்டுப்போகாது. மின்சார வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் பேட்டரிப் பக்கத்து இணைப்பை மட்டுமாவது ஒரு தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் நீங்களே செய்யக்கூடியவைதான்.